ஒரு சுற்றுக்கு ஒரு விதி

நந்தன வருஷம், ஐப்பசி 14.

இலாகா பரீட்சையில் தேறிவிட்டேன். இது மூன்றாவது தடவை. இப்போதும் தவறியிருந்தால் கடைசிவரை குமாஸ்தாதான்.

உட்கார்ந்து படித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் நான்கு மாதமாக விடியற்காலையில் அம்பாள் கோயிலின் ரத வீதிகளைச் சுற்றி நடந்தபடியே இலாகா விதிகளைப் படித்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு விதி. மனதில் நிற்காவிட்டால் அதே விதியோடு இன்னொரு சுற்று.

என்னைவிட எட்டு வயது இளையவனான தலைமைக் குமாஸ்தா நமச்சிவாயம் அதைப் பார்த்துவிட்டான். "அண்ணாச்சி அம்பாளைச் சுத்துதாரு. மண்டையில ஏறலன்னா வேற என்ன செய்வாரு?" என்று ஆபீஸில் சொன்னான். சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்று கெஜட் வந்தது. தேறியவர்களின் நம்பர்களை அவன்தான் சத்தமாக வாசித்தான். என் நம்பரில் நின்றுவிட்டான்.

"இது ஒம்ம நம்பரா, அண்ணாச்சி?"

"ஆமா வே. காதுல சரியா விழல. இன்னொருக்க வாசியும், கடைசி மேசைக்கும் கேக்கட்டும்."

வாசித்தான். அவனுக்கு இவ்வளவு இனிமையான குரல் இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போயிற்று.