பேனாவால் வரைந்த பாதை

உன் சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்குமே, அந்தச் சின்னப் பையை இன்று மறுபடியும் திறந்தேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனின் மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. அந்த ட்யூபின் மூடியை நீ ஒருநாளாவது ஒழுங்காகத் திருகியிருக்கிறாயா? உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து முட்டம் வேதக்கோயில் வாசலில் நின்றபோது உன் வீட்டுக்காரர்தான் இதை என் கையில் தந்தார். "இது ஒனக்குள்ளது தங்கச்சி. அவ இருந்தாலும் ஒனக்குத்தான் குடுத்திருப்பா" என்றார். அழுதுகொண்டே வாங்கினேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ குவைத்தில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு கியர் சைக்கிளோடு ஊர் திரும்பியவள். நான் தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறவள். எனக்கு வாய்த்தது மகன் போட்டுவிட்டுப் போன கியரில்லாத பழைய சைக்கிள். ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள் ஞாயிறு காலையில் சைக்கிள் மிதித்தால் டீக்கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நான் கூசிப்போவேன். நீதான், "பாக்கட்டும் மக்கா. அவன் பாத்தா நமக்குக் காலா வலிக்கப் போவுது?" என்பாய். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கினால், "வாய மூடு, பெடல மிதி" என்று முன்னாலிருந்து கத்துவாய். கத்திவிட்டு, மேலே போய் எனக்காகக் காத்து நிற்பாய். அந்தக் காத்து நிற்றலை நம்பித்தான் நான் உன் பின்னால் வந்தேன்.

மாத்தூர் சுற்று நம்முடையது. சந்தை ஓய்ந்த பிறகு பூச்சாக்கின் மேல் தாளை விரித்து எத்தனை நாள் போட்ட திட்டம் அது! வடசேரியில் தொடங்கி, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், சுருளோடு, குலசேகரம், திருவட்டாறு. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். பிறகு தக்கலை வழியாக வீடு. தெம்பிருக்கும்போதே மலைப்பக்கத்து ஏற்றத்தையும் எதிர்க்காற்றையும் முடித்துவிட வேண்டும், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும் என்றாய். இரண்டு மலைக்கு நடுவே, பள்ளத்தாக்குக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைத் தாங்கி நிற்கும் அந்தப் பாலத்தில் ஏறி நின்று, கொண்டுபோன இலையப்பத்தைத் தின்பது என்பதுவரை பேசி வைத்திருந்தோம்.

எல்லாம் பென்சிலில். அது உன் சட்டம். ஓட்டாத பாதை பென்சிலில்தான் இருக்க வேண்டும். ஓட்டி முடித்த அன்றைக்குத்தான் அதன்மேல் பேனா. ஒருமுறை ஆசையில் நான் முன்கூட்டியே பேனாவை எடுத்தபோது கையில் அடித்தாய். "ஏட்டி, போவாத எடத்தப் பேனாவால போட்டா அது பொய்யில்லியா?" என்றாய்.

பைக்குள் நாலாய் மடித்து அந்தத் தாள் இருந்தது. மாத்தூர் சுற்று முழுவதும் நீலப் பேனா. ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் போய்ச் சேர்ந்த நேரம். பின்பக்கம் ஐந்து பெயர்கள். நாலு பேர் டவுனில் கியர் சைக்கிள் ஓட்டும் கூட்டத்துக்காரர்கள். முதலில் இருந்தது என் பெயர். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் உன் கையெழுத்தில், "கியர் இல்ல, நேரம் ஆவும்."

மேலே போட்டிருந்த தேதி மாசி மாதத்து ஞாயிறு. ஊரில் கோயில் காரியம் இருக்கிறது, இந்த வாரம் வரமாட்டேன் என்று எனக்குப் போன் செய்த அதே ஞாயிறு. பாவி! என் முகத்துக்கு நேரே, "நீ வேண்டாம், நீ பையத்தான் வருவ" என்று சொல்லியிருக்கலாமே. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், பிறகு சரியாகியிருப்பேன். அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிறு என்னோடு வந்தாய். மாத்தூருக்கு எப்போது போவோம் என்று நான் கேட்கும்போதெல்லாம் "மழ முடியட்டும்" என்றாய். ஆனியில் வந்த காய்ச்சல் மூன்றே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் சண்டை போட ஆள் இல்லை.

கேள், இன்னும் இருக்கிறது. போன மாதம் உன் வீட்டுக்கார அண்ணன் சந்தைக்கு வந்தார், உன் படத்துக்குப் பிச்சிமாலை வாங்க. "மாசில நீங்க ரெண்டுவேரும் மாத்தூர் போனியள்லா, அன்னைக்கு அவ ரொம்ப சந்தோசமா இருந்தா. பாலத்துக்கு மேல நின்னு என்ன சொன்னா?" என்று கேட்டார். எனக்குக் கை மாலையிலேயே நின்றுவிட்டது. ஆண்களும் உள்ள கூட்டத்தோடு போக அண்ணன் விடமாட்டார். என்னோடு என்றால் ஒரு கேள்வி கேட்கமாட்டார். என்னைத் தாளில் அடித்துவிட்டு, வீட்டில் என் பெயரைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாய். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும், "அடுத்த தடவ வரும்போது விவரமாச் சொல்லுதேன் அண்ணே" என்றுதான் வந்தது.

அதற்காகவே போன ஞாயிறு தனியாகப் போனேன். தடிக்காரன்கோணம் ஏற்றத்தில் இறங்கி உருட்டினேன். வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மாத்தூரில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பாலத்தின் மேல் நடந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் எங்கோ அடியில் பறளியாறும், தென்னந்தலைகளும், பூங்காவில் விளையாடும் பிள்ளைகளும். அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இலையப்பம் ஒன்று தின்றேன். மற்றதைத் தின்ன மனசில்லை, உனக்கு வைக்கவும் மனசில்லை. திரும்பும்போது காற்று தள்ளியது, நீ சொன்னபடியே.

நேற்று அண்ணன் வந்தார். பார்த்ததையெல்லாம் சொன்னேன், உன்னையும் பக்கத்தில் நிறுத்தி. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார். மாலையை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி நின்று கேட்டார்.

"அந்த ஏத்தத்துல ஒன்ன விட்டுட்டு முன்னால போயிட்டாளா தங்கச்சி? அவளுக்கு கியர் உண்டும்லா?"

"இல்ல அண்ணே" என்றேன். "எங்கூடயேதான் வந்தா."