இரண்டு இடது தாங்கிகள்

மார்ச் 3, ஞாயிறு

நாலு வருடமாக ஷெட்டில் நான் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்த கார் இன்று தெருவுக்குப் போனது. அரை மணி நேரத்தில் வீட்டுக்கும் வந்தது. நான் தள்ளிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து இருக்கையில் மனைவி இருந்தாள். மூன்றாவது வேகத்தடையில் இடது முன்சக்கரத்து மட்கார்டு பிய்த்துக்கொண்டு, கூரையில்லாத காரில் எங்கள் தலைக்கு மேலே போய், பின்னால் வந்த சைக்கிள்காரர் முன்னே விழுந்தது. பாகங்களோடு பெட்டியில் வந்த புத்தகத்தில் அதற்கு 'இறக்கை' என்று போட்டிருக்கிறது. தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரர் தங்கமான மனுஷன். எடுத்துக் கொடுத்து, "இது உங்களுதா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்தத் தெருவில் வேறு எவனுக்கு இருக்கும்?

அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவளை இந்தக் காரில் கொண்டுபோய் விடுவேன் என்று நாலு வருடத்துக்கு முன் சொன்னவன் நான்.

சாயங்காலம் பஸ் பாஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்து, என் கண்ணில் படும்படி மேஜையில் வைத்தாள்.

மார்ச் 4, திங்கள்

மச்சான் வந்தார். சொந்தமாகச் சின்ன லாரி வைத்திருப்பவர், சொந்தமாகக் கருத்தும் வைத்திருப்பவர்.

"மாப்ளே, பேசாம என்கிட்ட குடுத்துடுங்க. இன்ஜினை மட்டும் கழட்டி தண்ணி பம்புக்கு வெச்சுக்கறேன். மிச்சத்தை எடைக்குப் போட்டுடலாம்."

மனைவி சமையலறையிலிருந்தே தீர்ப்பு சொன்னாள். "ரோட்டுல ஓட்ட அனுமதி வாங்க இருபத்தேழாம் தேதி சோதனைக்குக் கொண்டு போறாராம். போகட்டும். அதுல தோத்தா நீ எடுத்துட்டுப் போண்ணா. இல்லன்னா நீ இதப் பத்திப் பேசவே கூடாது."

என் வீட்டில், என் காரைப் பற்றி, என்னைத் தவிர எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

தண்ணி பம்பாம்! பார்த்துடலாம்யா.

மார்ச் 9, சனி

மட்கார்டைச் சக்கரத்தோடு பிடித்திருந்த தாங்கி உடைந்து கிடந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த மட்கார்டு காரின் உடம்போடு ஒட்டியிருப்பதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும், திரும்பும். நடுவில் ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் வாங்குகிற அடியெல்லாம் தாங்கிக்கு நேரே போகிறது. அதற்குக் கம்பெனிக்காரன் கொடுத்தது சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பைப்.

என் கட்டைவிரலைவிடப் பெரிய பைப் வாங்கி வளைத்தேன். நானே வெல்டிங் வைத்தேன். கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற என்னைப் போன்றவனின் வெல்டிங் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இதுல காக்கா வந்து உக்காந்துட்டுப் போச்சா?"

காக்காவே உட்காரட்டும். உடையாது.

மார்ச் 10, ஞாயிறு

உடைந்தது.

தனியாகத்தான் போனேன். நல்லவேளை. ஒரே வேகத்தடையில் ஏறி ஏறி இறங்கினேன். வாசலில் நின்று பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் அடித்தகட்டுக்கு ஒரு விரல் மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு. போன தடவையும் அச்சு அசல் அதே இடம்.

பைப்பு பெருசானதுதான் மிச்சம். ஏண்டா, உனக்கு மண்டையில என்னதான் இருக்கு? கைய மட்டும் தடியாக்கிட்டு தோள்பட்டைய அப்படியே விட்டா? ஒத்தக் கால்ல நிக்க வெச்சா நீயுந்தான் ஆடுவ.

பாதிச் சோற்றோடு எழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 11, திங்கள்

ஒற்றைக் கால். அதேதான்! இரண்டு கால் வைக்கணும். மட்கார்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் அடியில் சேருகிற இடத்தில் முக்கோணமாக ஒரு தகடு. மட்கார்டுக்கும் பைப்புக்கும் நடுவே ரப்பர், அதிர்ச்சி அதோடு போகட்டும். போர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே அட்டையில் வரைந்தேன். ஒரு சரக்கைத் தப்பான வரிசையில் வைத்தேன். மேற்பார்வையாளர் திட்டினார். திட்டட்டும்.

மார்ச் 16, சனி

இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று, இரண்டு தாங்கியும் முடிந்தது. முன்கை முடி பொசுங்கிவிட்டது. ஆனால் வெல்டிங் இந்தத் தடவை மனுஷன் வைத்தது போல இருக்கிறது. அட்டையை மாதிரியாக வைத்து அளவு பிசகாமல் செய்தேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூல் அளவு வித்தியாசம் கிடையாது.

நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

வித்தியாசம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டும் இடது பக்கத்துத் தாங்கி. அட்டையைத் திருப்பிப் போடாமல் இரண்டையும் ஒரே பக்கமாக வளைத்துத் தொலைத்திருக்கிறேன். வலது சக்கரத்தில் மாட்டினால் மட்கார்டு டயரை விட்டுவிட்டு இன்ஜினுக்குக் குடை பிடிக்கிறது.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள் சிரித்து. "ரெண்டும் எடது கால் செருப்பாப்பா?" மனைவி ஷெட் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

பத்து நிமிடத்தில் மச்சானின் போன். "மாப்ளே, இனிமே எடது பக்கமாவே சுத்திச் சுத்தி வரலாமே!" இந்த வீட்டில் ஒற்றர் இருக்கிறார்.

தூக்கிப் போடவா? மாட்டேன். என்னிடம் இடது பக்கத்துக்கு உபரித் தாங்கி இருக்கிறது. ஊரில் எவனிடம் இருக்கிறது, வரச் சொல்லுங்கள். அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 20, புதன்

பைப் வளைத்தாயிற்று. வலது பக்கமாகத்தான். மூன்று தடவை பார்த்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

வலது, இடது இரண்டும் மாட்டியாயிற்று. ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினேன். எங்கும் உரசவில்லை. அதே வேகத்தடையில் காலை முழுக்க ஏறி இறங்கினேன். துடைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

மத்தியானம் மச்சான் வந்தார். "இதென்ன மாப்ளே, கட்டில் காலு மாதிரி?" என்று விரலால் தட்டினார்.

"தட்டாதீங்க. உக்காருங்க."

"எதுல?"

"இறக்கை மேலதான். ரெண்டு கால் இருக்கு, பயப்படாதீங்க."

மச்சான் லேசான ஆள் இல்லை. அவர் உட்கார்ந்தால் எங்கள் வீட்டு நாற்காலிகளே ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். மகள், "மாமா, வேணாம்" என்றாள், காருக்காகத்தான். மனைவி ஜன்னலில் நின்று, "உக்காருண்ணா. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு ஒழியட்டும்" என்றாள்.

உட்கார்ந்தார். டயர் அமுங்கியது. இறக்கை அசையவில்லை. தன் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கூடப் பார்த்தார்.

"உறுதியாத்தான் இருக்கு," என்றார். பல்லைப் பிடுங்கும்போதுகூட அவர் முகம் அப்படிப் போயிருக்காது.

மார்ச் 27, புதன்

மச்சானே காரை லாரியில் ஏற்றிக்கொண்டு சோதனைக்கு வந்தார். தோற்றால் அப்படியே கொண்டுபோய்விடலாம் என்ற நல்லெண்ணம்.

சோதனை அதிகாரி பேசாத மனிதர். இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கார் முழுவதும் ஆடியது, இறக்கை மட்டும் ஆடவில்லை. அடுத்த பக்கம் போய் அதையும் உலுக்கினார்.

"யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"பாத்தாலே தெரியுது," என்றார். அது பாராட்டா, திட்டா? வழியெல்லாம் யோசித்தேன். பாராட்டு என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் தோற்றுவிட்டேன். பின்னால் ஒரு விளக்கு எரியவில்லை. காலையில் எரிந்தது, சத்தியமாக எரிந்தது. சரிசெய்து மறுபடி கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் சீழ்க்கை அடித்தார். வீட்டு வாசலில் லாரி இன்ஜினை அணைக்கவே இல்லை. "தோத்தாச்சும்மா. சொன்னபடி நான் எடுத்துட்டுப் போறேன்."

மனைவி கேட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக் கேட்டாள். "எதுல தோத்தது?"

"வெளக்கு."

"இறக்கை?"

"அசையலை. ரெண்டு பக்கமும் உலுக்கிப் பாத்தாரு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நான் இறக்கைக்குத்தாண்ணா சொன்னேன். வெளக்குக்கு யாரு சொன்னா? வண்டிய எறக்கி வெச்சுட்டுப் போ."

"இது அநியாயம்மா!"

"சாப்பிட்டுட்டுப் போ."

மார்ச் 31, ஞாயிறு

விளக்கு எரிகிறது. ஒரு வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

இன்றோடு அவளுடைய பஸ் பாஸ் முடிகிறது. சாயங்காலம் வரை அதைப் புதுப்பிக்கப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். மறந்துட்டியா என்று கேட்டேன்.

"மறக்கலை. மறுபடி சோதனை என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"அதுவரைக்கும் வேலைக்கு நடந்தே போய்க்கறேன்," என்றாள்.