தேயாத கைப்பிடி

விளாங்குடி,
மதுரை.
8-10-1985

அன்பு மகள் சீனியம்மாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன், காய்ச்சல் தலைவலி ஏதும் இருந்திருந்தால் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் அடிபம்பைப் பற்றி எழுதியிருக்க மாட்டாய். உன் தம்பி உக்கிரபாண்டி காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறான், கேட்டால் வாத்தியார் சரியில்லை என்கிறான், வாத்தியாரைக் கேட்டால் பையன் சரியில்லை என்கிறார், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். மழை இன்னும் இறங்கவில்லை, மேற்கே மேகம் கூடுகிறது, கலைகிறது. அம்மாவை டாக்டரிடம் கூப்பிட்டால் "நடக்க முடிஞ்சாத்தானே டாக்டர்கிட்டப் போக" என்கிறாள், நடக்க முடிந்தால் டாக்டர் எதற்கு என்று நான் கேட்டேன், அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

நீ எழுதியதில் விஷயம் இரண்டு. ஒன்று, லீவில் கிராமங்களுக்குப் போய் வேலை செய்கிற உங்கள் பம்பாய்க் கல்லூரி மாணவர் குழுவுக்கு உன்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா என்பது. படிக்கப் போன இடத்தில் ஆம்பளைப் பையன்களோடு ஊர் ஊராகக் குழி தோண்டிக்கொண்டு திரிவதா என்று அம்மா போன வருடத்திலிருந்தே முறுக்கிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இரண்டாவது, இருபதாம் தேதி உங்கள் ஆண்டுக் கூட்டம், போன மே மாதம் எழுமலைக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கரடு காலனியில் நீங்கள் போட்ட பம்பைப் பற்றி நீ அறிக்கை வாசிக்க வேண்டும், அதே முறையில் அடுத்த மே மாதம் மூன்று ஊரில் போடப்போகிறீர்கள், ஆகையால் பம்பு எப்படி ஓடுகிறது என்று நேரில் பார்த்து எழுதச் சொல்லியிருந்தாய். இரண்டாவதற்கு முதலில் பதில் எழுதுகிறேன், முதலாவது அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உசிலம்பட்டியில் பஸ் மாறுவதற்கு முக்கால் மணி நேரம் நின்றேன், எழுமலையில் இறங்கி வாடகைச் சைக்கிளில் மிதித்தேன். பம்பைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தளத்தில் ஒரு கீறல் இல்லை. கைப்பிடியை நாற்பத்தெட்டுத் தடவை அடித்ததில் குடம் நிறைந்தது, எங்கள் பஞ்சாயத்து யூனியன் பம்புகளில் பாதி எழுபது அடிக்குக் குறைந்து குடம் நிரப்புவதில்லை. மேல்மூடியைக் கழற்றிச் செயினைப் பார்த்தேன், கிரீஸ் நீங்கள் வைத்த நிறத்திலேயே இருந்தது. அங்கேதான் எனக்கு உறுத்தியது. நாற்பது வீட்டுக்கு ஒரு பம்பு, ஐந்து மாதம், கிரீஸ் கருத்திருக்க வேண்டும், கைப்பிடியின் முனை உள்ளங்கை பட்டுப் பட்டு வெள்ளியாட்டம் மின்ன வேண்டும். நீங்கள் அடித்த பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. தேய வேண்டியது தேயவில்லை என்றால் மெக்கானிக் சந்தோஷப்படக் கூடாது.

நான் வந்த செய்தி தெரிந்து ஆம்பளைகள் வந்து நின்றார்கள். பக்கத்தில் இருக்கும் கருப்பு கோயிலைப் பார்த்துக்கொள்கிற சோணைமுத்து உனக்கு ஞாபகம் இருக்கும், உங்கள் பேராசிரியருக்குத் தலைப்பாகை கட்டி விட்டவர், அவர் "பம்புக்கென்ன சார், அம்புட்டுத் தண்ணி வருது, பிள்ளைக ராசியான பிள்ளைக" என்றார். அப்படியானால் ஏன் கைப்பிடி தேயவில்லை என்று கேட்டேன். "நாங்க பதனமா அடிக்கிறோம் சார்" என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது, என் பொறுமை எம்புட்டு என்று உனக்குத் தெரியுமே, பதினேழு வருடமாகப் பம்பு பார்க்கிறவனிடம் கதை சொல்லாதீர்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டேன். ஆம்பளைகள் கரட்டுக் குன்றைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் தலையில் குடத்தோடு வந்த முருகம்மாள் நின்றாள், மேட்டு வீட்டு முருகம்மாள், மே மாதம் உங்களுக்குக் கேப்பைக்கூழ் கொண்டுவந்து கொடுத்தவள். அவள் வந்த வழியைப் பார்த்தேன், வெள்ளைத்துரை தோட்டத்துக் கிணற்று வழி. மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்துப் போய், அவர் வைகிறதையும் வாங்கிக்கொண்டு, முக்கால் மைல் சுமந்து வருகிறாள், பம்பு அவள் வீட்டுக்கு அறுபது அடி தூரத்தில் நிற்கிறது. "எதுக்குச் சார் ஆம்பளைகளைப் போட்டு வையிறீக. பம்புல ஒரு குத்தமும் இல்ல. மாசத்துல மூணு நாளைக்கு நாங்க பொம்பளையாப் போயிர்றோம், அதான் குத்தம்" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆம்பளைகள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள், சோணைமுத்து விளக்குக்கு எண்ணெய் விட வேண்டும் என்று போனார், பட்டப்பகலில்.

தாயி, அப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயம் இது இல்லை. ஆனாலும் தண்ணீர் விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம், எழுதுகிறேன். அந்தப் பம்பு கருப்பு கோயில் எல்லைக்குள் பதினெட்டு அடி தள்ளி நிற்கிறது, டேப் பிடித்து அளந்தேன். அந்த மூன்று நாள் தூரமாக இருக்கிற பெண் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வர மாட்டாள். சரி, மூன்று நாள்தானே, மற்ற நாளில் அடிக்கலாமே என்று நான் கேட்டேன், படித்தவன் கேட்கிற கேள்விதான். அதற்கு முருகம்மாள் "கலியாணமாகாத புள்ள இருபத்தேழு நாள் பம்புக்கு வந்துட்டு மூணு நாள் கிணத்துக்குப் போனா ஊருக்கே தேதி தெரிஞ்சு போகுமே சார். டீக்கடையில உக்காந்து எண்ணுவாங்யளே. அதுக்கு எல்லா நாளும் கிணத்துக்கே போயிட்டா ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாதுல்ல" என்றாள். அதனால் இளம்பெண் ஒருத்திகூட அந்தப் பம்பைத் தொடுவதில்லை. கிழவிகள் அடிக்கிறார்கள், ஆம்பளைகள் கால் கழுவுகிறார்கள். உங்கள் குஜராத்திப் பையன் அந்தச் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல்லைச் சர்வே கல் என்று நினைத்து அதன்மேல் செருப்புக்காலை ஊன்றிக்கொண்டு டேப் பிடித்தானாமே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பம்பு போடும்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். நல்லது செய்ய வந்த பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்கிறார்கள், ஆம்பளைகளுக்கு இந்த நினைப்பே வரவில்லை, பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்று நான் சொன்னபோது முருகம்மாள்தான் திருத்தினாள். "உங்க மககிட்ட மொத நாளே சொன்னேன் சார். அந்தக் கல்லுக்கு உள்ளாற வேணாம் தாயி, தூரமா இருக்கவ என்ன செய்வான்னு கேட்டேன். அதுதானே நம்ம பாசை பேசுது. அது தலைய ஆட்டுச்சு, அந்தப் பையங்ககிட்ட என்னமோ இங்கிலீசுல சொல்லுச்சு, அப்புறம் அங்கனயே தோண்டிட்டாக" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நீ அவர்களிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று நான் ஊகித்துக்கொண்டேன். நாலு பையன்கள், ஒரு பேராசிரியர், நடுவில் நீ ஒருத்தி. இந்த அம்மா இடம் கொஞ்சம் தூரம் என்கிறாள் என்றோ என்னவோ சொல்லி மழுப்பியிருப்பாய். உனக்குப் பதில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், நான் அப்படி ஒன்றும் வீரன் இல்லை. சைக்கிளில் திரும்பும்போது முதலில் உன்மேல் கோபம் வந்தது, எழுமலை வருவதற்குள் என்மேல் வந்துவிட்டது. யூனியனில் தலைவர் கையைக் காட்டுகிற இடத்தில் இருநூறு பம்பாவது போட்டிருப்பேன். ஒரு ஊரில்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கோயில் வாசலில் போட்டால் யாரும் உடைக்க மாட்டார்கள் என்று நானே ஏழெட்டு இடத்தில் யோசனை சொல்லிப் போட்டிருக்கிறேன். அதில் எத்தனை கைப்பிடி தேயாமல் கிடக்கிறதோ. நம் வீட்டிலேயே மூன்று நாள் உன் அம்மா பின்பக்கம் உட்கார்ந்திருக்கும்போது தம்பிதான் குழாயில் தண்ணீர் பிடிக்கிறான், அவனுக்குப் பரீட்சை என்றால் நான் பிடிக்கிறேன், வருடக்கணக்காகப் பிடித்தும் என் மரமண்டைக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதெல்லாம் உனக்குத் தெரியுமா, ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீகளாக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிடலாம் என்று உன் பையன்கள் யாராவது சொல்வார்கள், எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. சாமியிடம் பூக்கட்டிப் போட்டுத்தான் கேட்க வேண்டும் என்றார் சோணைமுத்து, முன்னொரு தடவை ரோடு போட வந்தபோது கேட்டு மூன்று தடவையும் வேண்டாம் என்கிற சிவப்புப் பூவே வந்து, ரோடு வளைந்து போயிற்றாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்கள் சாமியோடு வழக்காட நான் அங்கே போகவில்லை, தண்ணீருக்குப் போனேன். கும்பிடுகிறவர்களே மாற்றினால் மாறட்டும், அதுவரை ஒரு பெண்பிள்ளை முக்கால் மைல் சுமக்க வேண்டாம்.

வந்த கையோடு உங்கள் பேராசிரியருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன், அளவெல்லாம் போட்டு, படம் வரைந்து. அம்மா அது என்ன என்று கேட்டாள், வாசித்துத் தமிழில் சொன்னேன். "இதை நீங்க எழுதுனா அவ யாரு? அந்தப் பொம்பளைக அவகிட்டத்தானே சொன்னாக. அவ வாயில இருந்து வரட்டும்" என்றாள். கிழித்துப் போட்டுவிட்டேன். ஆகவே இருபதாம் தேதி நீதான் சொல்ல வேண்டும். பம்பு நன்றாக ஓடுகிறது என்று வாசித்தால் பொய் இல்லை, நாற்பத்தெட்டு அடி, கீறல் இல்லை, எல்லாம் உண்மை, கைதட்டுவார்கள், அடுத்த மே மாதம் இன்னும் மூன்று ஊரில் தேயாத கைப்பிடி நிற்கும். உள்ளதைச் சொன்னால் உன் முகம் சிவக்கும், பையன்கள் தரையைப் பார்ப்பார்கள், முருகம்மாள் சொன்னதைச் சொல்லாமல் விட்டது "நான்தான்" என்றும் நீ உன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். இங்கிலீஷில் சொல்வதில் ஒரு சௌகரியம், அந்த வார்த்தை நம் வாய்க்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கும், கூச்சம் பாதிதான் வரும். எனக்கும் உனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், பெரிய மனிதனாட்டம் புத்தி சொல்ல எனக்கு வராது. கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இனி உன் முதல் கேள்வி. செயலாளராக இரு என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். "அவ விலகிட்டா அந்தக் கூட்டத்துல எவன்கிட்டப் போயி ஒரு பொம்பள இதைச் சொல்லுவா" என்று கேட்டாள், சோற்றைக் கிளறிக்கொண்டே. ஒரு வருடமாக முறுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஆகவே இரு. படிப்பில் மார்க் குறைந்தால் அதற்குத் தனியாகக் கடிதம் வரும்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. நான் கிளம்பும்போது முருகம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் சைக்கிளை மறித்து, சார் அளக்க வந்தவர்தானே, இதையும் அளந்துவிட்டுப் போங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற கருவி வைத்துக் குறித்த இரண்டாவது இடம் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, அதைக் காட்டினேன், அது ஆம்பளைகள் சீட்டாடுகிற வேம்படிக்கு எதிரே, வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குள் அரைமணி நேரம் சண்டை, ஒருத்தி இங்கே என்றால் இன்னொருத்தி உன் வீட்டு வாசலுக்கா என்றாள். கடைசியில் வீடுகளின் பின்பக்கம், எல்லாரும் விறகுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், ஒரு கருங்கல்லை உருட்டிக்கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கீழே தண்ணீர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. "இடம் நாங்க சொல்லிட்டோம், தண்ணி இருக்கான்னு உங்க மகள வந்து பாக்கச் சொல்லுங்க, பையங்கள ஒருநாள் பிந்தி வரச் சொல்லுங்க" என்றாள் முருகம்மாள். சொல்கிறேன் என்று வந்தேன், சொல்லிவிட்டேன்.

கருவிக்குப் புது பாட்டரி வாங்கி வைத்துக்கொள், போன தடவை பாட்டரி இறங்கிப்போய் அரைநாள் வீணாகப் போயிற்று. பம்பாயில் மழைக்காலம் முடியும் வரை காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே. அம்மா மடித்துக் கொடுத்த திருநீறு உள்ளே இருக்கிறது, கூட்டத்துக்குப் போகும்போது பூசிக்கொள்ளச் சொன்னாள், நம்பிக்கை இருந்தால் நெற்றியில் பூசு, இல்லாவிட்டால் பையில் வைத்துக்கொள். உன் சொல் தடுமாறாமல் வரட்டும், உன் கை தொட்ட தண்ணீர் எந்த ஊரிலும் வற்றாமல் இருக்கட்டும், நீ நல்லா இருக்கணும் தாயி.

இப்படிக்கு
உன் அப்பா
மு. முத்திருளன்