இரும்புச் சட்டியும் நாலு ஊர் மண்ணும்

6 பிப்ரவரி 1928, தாப்பா

காலையிலிருந்து மழை. மலைப்பாதை வேலை பாதி நாள் நின்றுவிட்டது. துரைக்கு நேற்றிலிருந்து ஒரே கேள்வி. "சவரிநாதன், மூன்றில் எது நல்லது?" மண்வெட்டியும் கூடையுமா, மாடு இழுக்கும் இரும்புச் சட்டியா, சக்கரம் வைத்த பெரிய சட்டியா? கம்பெனி இந்த வருஷம் நாலு ஊரில் மண் வேலை எடுத்திருக்கிறது. எல்லா ஊருக்கும் ஒரே சாமானாக வாங்கிப் போட்டுவிட்டால் தலைவலி இல்லை என்பது அவர் நினைப்பு. மண்ணைப் பார்க்காமல் நான் எப்படிச் சொல்வது? ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை என்றால் ஜோசியம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. "செய்து பார்த்துச் சொல்கிறேன் துரை" என்று மட்டும் சொன்னேன்.

10 பிப்ரவரி

சட்டியை மலைமேல் ஏற்றிப் பார்த்தோம்.

துரைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதால் எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். முறம் போல அகலமான இரும்புத் தட்டு, முன் விளிம்பு கூர்மை, பின்னால் இரண்டு கைப்பிடி. முன்னால் ஒருவன் மாட்டைப் பிடித்து நடக்கிறான், பின்னால் ஒருவன் கைப்பிடி பிடிக்கிறான். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் விளிம்பு இறங்கி மண்ணை அள்ளும். நிறைந்ததும் அழுத்திப் பிடித்தால் விளிம்பு மேலே வந்து, சட்டி தரையில் சறுக்கிக்கொண்டு போகும். கொட்ட வேண்டிய இடத்தில் நன்றாகத் தூக்கிவிட்டால் குப்புறக் கவிழ்ந்து கொட்டும். அவ்வளவுதான்.

இங்கே அதுவும் நடக்கவில்லை. பாதை ஒடுக்கம், மாடு திரும்ப இடமில்லை. கல்லில் பட்டு விளிம்பு மடங்கிப் போனது. கூடை தூக்கும் பெண்களுக்கு நல்ல வேடிக்கை. அவர்களுக்குத் தலைவி செல்லாயி மேலே நின்றுகொண்டு கத்தினாள். "என்னா மண்டோரே, ஒங்க சட்டி மல ஏற மாட்டேங்குதா? கூடையத் தரவா?"

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன?

13 பிப்ரவரி

மலைக்குக் கூடைதான் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தார்.

17 ஏப்ரல், சுங்காய்

இங்கே தோட்டத்துக்குப் புது ஆலை கட்ட மேட்டை வெட்டி மட்டமாக்க வேண்டும். மணல் கலந்த மண், பக்கத்திலேயே பள்ளம். சட்டிக்கென்றே ஆண்டவர் படைத்த இடம்.

கைப்பிடிக்கு அந்தோணிமுத்துவைப் போட்டேன். தங்கை எல்ஸியின் புருஷன். லால்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏர் பிடித்தவர். நல்ல குணம் என்று நானே பார்த்து முடித்த சம்பந்தம். சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எப்படி மச்சான் புடிக்கணும்?" என்றார்.

"கலப்ப புடிக்கிற மாதிரிதான் மாப்புள. ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்றேன்.

சிரித்தார். மத்தியானத்துக்குள் பத்துமலையை மிஞ்சிவிட்டார். பத்துமலைதான் அதுவரை என் ஆட்களில் கெட்டிக்காரன். எல்ஸி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்குலா அண்ணே" என்று ஓடி வந்து சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

26 ஏப்ரல்

கிட்டத்துப் பள்ளம் நிரம்பிவிட்டது. இனி மண்ணைத் தூரம் கொண்டுபோக வேண்டும். சாதாரணச் சட்டி தரையில் உரசிக்கொண்டே போவதால் மாட்டுக்கு நுரை தள்ளுகிறது. சக்கரச் சட்டியைப் பூட்டினோம். தூரத்துக்கு அதுதான். ஆனால் அள்ளும்போது மட்டும் இன்னொரு ஜோடி மாடு சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. துரைக்குச் சந்தோஷம், எனக்கு ஒரு சுருட்டு கொடுத்தார்.

11 ஜூன், ஈப்போ

டவுனுக்கு வெளியே, பால் வற்றியதால் ரப்பர் மரங்களை வெட்டிப் போட்ட பழைய கித்தாத் தோட்டம். வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்ய வேண்டும். மரமெல்லாம் தூரோடு பிடுங்கியாயிற்று, தரை சுத்தம் என்று சொல்லி ஒப்படைத்தார்கள். மேலே பார்த்தால் சுத்தம்தான். கித்தா மரத்துப் பக்கவேர் எங்கெங்கே ஓடிக் கிடக்கிறது என்று யார் கண்டார்? மெதுவாக ஓட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

14 ஜூன்

ஐயோ, மாப்பிள்ளை. ஒரே நிமிஷம் — பார்த்துக்கிட்டேதான் நின்னேன். ஒண்ணும் செய்ய முடியல. மாதாவே, அந்த ஆளக் காப்பாத்திக் குடு.

16 ஜூன்

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். வலது தோளும் மேல்கையும் முறிந்திருக்கிறது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். சட்டி நிறைந்து வந்துகொண்டிருந்தது. விளிம்பு வேரில் முட்டியது. அந்தோணிமுத்து கைப்பிடியைத் தூக்கிவிட்டார். தூக்கியதும் விளிம்பு வேருக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டது, மாடு இழுத்தது, சட்டி குட்டிக்கரணம் போட்டது. கைப்பிடி அவரையும் சேர்த்துத் தூக்கி முன்னால் அடித்தது.

"அழுத்தியிருந்தா வேர் மேல ஏறித் தாண்டியிருக்கும்ணே. ஏன் தூக்குனாருன்னுதான் தெரியல" என்கிறான் பத்துமலை. அவன் இங்கேயே பிறந்தவன், ஏர் பிடித்ததில்லை. அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், கப்பலேறும் முன் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஊரில் கொழு வேரில் முட்டினால் கலப்பையைத் தூக்கித்தான் விடுவிப்பார்கள், இல்லாவிட்டால் கலப்பை உடையும். அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. கலப்பை மாதிரி என்று சொன்னது யார்? நான். சட்டி என்றால் எல்லாரும் பயந்தார்கள், பயம் தெளியட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்ஸி கேட்டாள். "கலப்ப மாதிரின்னு சொன்னியாமே, நெசமா?" ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு சரி. சாப்பாடு கொண்டுபோனால் வாங்கி வைக்கிறாள், பேச்சில்லை.

22 ஜூலை

கட்டுப் பிரித்தார்கள். கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. விரல் மடங்குகிறது, பிடியில் வலு இல்லை.

"பரவால்ல மச்சான், இடது கை இருக்குல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

30 ஜூலை

துரை கூப்பிட்டுவிட்டார். கை வராதவனைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது, செப்டம்பர் கடைசியில் பினாங்கிலிருந்து கப்பல், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் இந்தியாவுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். எல்ஸி சுங்காய்த் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவள். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அங்கே அவருக்கு நிலமா இருக்கிறது? ஒரு கையை வைத்துக்கொண்டு கூலிக்குத்தான் எங்கே போவார்?

கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். கடைசியில் துரை இறங்கி வந்தார். பாகான் செராயில் அடுத்த வேலை. அங்கே ஒரு சட்டியை ஜோடி சேர்ந்து ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் இருக்கலாம். மாட்டுக் கயிறு பிடிக்க மட்டுமே முடிகிற ஆளைத் தனியாக எடுக்க மாட்டாராம், கைப்பிடிக்கு ஆளை அவர்களே தேடிக்கொள்ள வேண்டுமாம்.

எல்ஸியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

3 செப்டம்பர், பாகான் செராய்

முன் வருஷத்து வெள்ளத்தில் உடைந்த வாய்க்கால் கரை. அதை உயர்த்திக் கட்ட வேண்டும். சுற்றிலும் வயல், மண் பசை போல ஒட்டுகிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் மண் விழாமல் உள்ளே அப்பிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் சட்டியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு அள்ளினால் வழுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்தோம். சக்கரச் சட்டி முதல் நாளே அச்சு வரை புதைந்து போனது. மாட்டை அவிழ்த்துவிட்டு எருமை பூட்டினோம். எருமைக்குச் சேறு புதிதா என்ன? இது சின்னச் சட்டிக்கான இடம்.

அந்தோணிமுத்து இடது கையால் கயிறு பிடித்து எருமையை நடத்திக் காட்டினார். ஒழுங்காகத்தான் போகிறது. கைப்பிடிக்குத்தான் ஆள் இல்லை. பத்துமலையைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "எரும மெரண்டா ஒத்தக் கையில நிறுத்த முடியுமாண்ணே? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு." அவனை ஒன்றும் சொல்வதற்கில்லை. நானே பிடிக்கிறேன் என்று துரையிடம் கேட்டேன். மண்டோர் சட்டி பிடித்தால் மற்ற ஆட்களை யார் பார்ப்பது என்று விரட்டிவிட்டார்.

7 செப்டம்பர்

அந்தோணிமுத்து வந்தார். "மச்சான், எல்ஸி கைப்பிடி புடிக்கிறேங்குது."

கத்திவிட்டேன். "பொம்பள புடிக்கிற சாமானா அது? ஒங்க கைய முறிச்சது பத்தாதா? அவளையும் ஆஸ்பத்திரியில போடணுமா?" அவர் திரும்பிப் போய்விட்டார். தூரத்தில் எல்ஸி நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். கேட்கட்டும். எனக்கு இருப்பது ஒரே தங்கை.

10 செப்டம்பர்

கணக்கு எழுதும் கிராணி வந்து கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டு போனார். இரண்டு பெயர்.

13 செப்டம்பர்

முந்தாநாள் சங்கிலி வாங்கத் தைப்பிங் போய்விட்டு இன்று மத்தியானம் திரும்பினேன். கிராணி வழியிலேயே பிடித்துக்கொண்டார். "ஒங்க தங்கச்சி ரெண்டு நாளா சட்டி ஓட்டுது, தெரியுமா? துரை காலையில வந்து கரைமேல ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. அந்த ஜோடி இருக்கட்டும், கப்பல் லிஸ்ட்ல பேர அடிச்சிருன்னுட்டாரு."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். என்னைக் கேட்காமல், நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு, நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து! சங்கிலியை அங்கேயே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். இன்றே நிறுத்திவிடுவது என்றுதான் ஓடினேன்.

முன்னால் அந்தோணிமுத்து எருமையோடு பேசிக்கொண்டே நடந்து வந்தார். பின்னால் எல்ஸி. சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் வரை சேறு. சட்டி நிறைய மண். சதுப்பில் புதைந்து கிடந்த கட்டை ஒன்றில் விளிம்பு டக்கென்று முட்டியது. அவள் தூக்கவில்லை. இரண்டு கைப்பிடியின் மேலும் உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினாள். கால் தரையை விட்டு எழும்பியது. சட்டி கட்டையின் மேல் ஏறி, இறங்கி, வந்துகொண்டே இருந்தது. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எருமையும் நிற்கவில்லை.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றை அவள் ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே படித்து முடித்துவிட்டாள்.

நான் சட்டி கொட்டும் இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, கவுக்கப் போறேன். தள்ளி நில்லு."

ஜூன் மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது இதுதான். நான் தள்ளி நின்றேன். அவள் கைப்பிடியைத் தூக்கிக் கொட்டினாள்.