சத்தம் போடாத வண்டி

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சங்ககிரி லாரி செட்டில் புது வண்டிக்குப் பூஜை. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், முதலாளி வீட்டார், ஃபோட்டோ. சாவி என் கையில். “பதனமா ஓட்டு செல்வராசு” என்றார் முதலாளி.

ஏ.சி. கேபின். காலை நீட்டிப் படுக்கலாம். சீட்டு காற்றில் நிற்கிறது, பள்ளம் வந்தால் அதுவே ஏறி இறங்கிக்கொள்கிறது. கேபினுக்கும் தனியாக ஸ்பிரிங். பழைய வண்டியில் இஞ்சின் பக்கத்திலேயே, இரும்பு மூடிக்கு அடியில். என் இடது கால் தோல் வெந்து கருத்தது அப்படித்தான். டிரைவரும் மனுசன் என்று நினைத்து எந்த மகராசனோ இதை வரைந்திருக்கிறான். நன்றாக இருக்கட்டும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டால் இஞ்சின் சத்தமே இல்லை. என் காதுக்குள் மட்டும் பழைய வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

வாங்க: ஃபிளாஸ்க், விரிப்பு, முதுகுத் தைலம்.

மார்ச் 12, வியாழன்

ஜவ்வரிசி லோடு, நாக்பூர். இரண்டாம் டிரைவர் குமரவேல், என் தங்கச்சி வீட்டுக்காரர். கிளம்பியதிலிருந்து புலம்பல். “ஏனுங்க மச்சா, பெல்ட்டு போடலீன்னா கீ கீன்னு உசுர வாங்குதுங்க. எப்படித்தான் இதக் கேட்டுக்கிட்டு ஓட்டறீங்களோ?”

பழகிவிடும் என்றேன். எது கத்துகிறது என்று நான் விசாரிக்கவில்லை. சொகுசு உடம்பு மாப்பிள்ளைக்கு.

எனக்கு வேறு குறை. பழைய வண்டியில் கியர் கம்பி உள்ளங்கையில் பேசும், கிளட்ச் பாதத்தில் பேசும். எந்த டயரில் கல் மாட்டியிருக்கிறது என்றுகூட உட்கார்ந்த இடத்தில் தெரியும். இதில் ஒன்றும் வந்து சேருவதில்லை. ஸ்பூனால் சோறு தின்பது மாதிரி இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

திரும்பும்போது வெங்காய லோடு. தொப்பூர் இறக்கம், உச்சி வெயில். குமரவேல் பின்னால் படுக்கையில் தூக்கம். எனக்கு முன்னால் கல்யாண வேன் ஒன்று.

திடீரென்று திரையை விலக்கிக்கொண்டு கத்தினார். “மச்சா! காத்து எறங்குது! பிரேக்குக் காத்து!”

அப்புறம்தான் டயலைப் பார்த்தேன். வெயில் விழுந்து சிவப்பு விளக்கு சரியாகத் தெரியவில்லை. காற்றுமுள் அடியில். காற்றுப் போனால் பிரேக் சொன்னபடி கேட்காது. கியரைக் குறைத்து, இடது ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். வேன் வளைவில் திரும்பிப் போய்விட்டது. அதில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

“பஸ்ஸரு அத்தன நேரமா அடிச்சுட்டு இருக்குது, தூங்கறவன் நானே எந்திரிச்சுட்டேன். தூங்கிட்டீங்களா மச்சா?”

தூங்கவில்லை. சத்தியமாகத் தூங்கவில்லை. என் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை, பஸ்ஸர்தான் விட்டுவிட்டு அடிக்கிறது போலிருக்கிறது.

மார்ச் 18, புதன்

சேலம் ஒர்க்‌ஷாப். காற்றுக்குழாய் ஜாயிண்ட் லூஸ், சின்ன வேலை. அது கிடக்கட்டும், பஸ்ஸர் சரியாக வேலை செய்யவில்லை, முதலில் அதைப் பார் என்று மெக்கானிக்கிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் லேப்டாப்பை மாட்டினார். நான் ஸ்டியரிங்கில், குமரவேல் பக்கத்தில்.

“பஸ்ஸர அடிங்க பாக்கலாம்” என்றேன்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. “அட, அடிங்க தம்பி.”

“அடிச்சுட்டுத்தானுங்க இருக்குது” என்றார் மெக்கானிக்.

குமரவேல் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

சீக்கு வண்டிக்கு இல்லை, எனக்கு.

ஆள் பேசினால் கேட்கிறது, ஹாரன் கேட்கிறது. இந்த மெல்லிசான கீ கீ மட்டும் கேட்கவில்லை. வண்டி செய்தவர்கள் இரைச்சலை எடுத்தார்கள், அதிர்வை எடுத்தார்கள். எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒரு கீச்சுக் குரலில் கொண்டுபோய் வைத்தார்கள். நல்ல காது உள்ளவனுக்கு நல்ல வண்டி. வருசக்கணக்காக இரும்பு மூடி பக்கத்தில் உட்கார்ந்த எங்களில் ஒருவனைக் கூப்பிட்டு, கேட்கிறதா என்று கேட்டிருக்கலாம். கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

குமரவேல்: “யாருக்கும் சொல்ல வேண்டாமுங்க. நான் காதா இருந்துக்கறேன்.” நல்ல மனசு. அவரும் தூங்கத்தானே வேண்டும்.

சாயங்காலம் வீடு. சரஸ்வதியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “ஏனுங்க, சமையக்கட்டுல இருந்து கூப்புட்டாத் திரும்பவே மாட்டீங்க. என்றகூடப் பேசவே புடிக்கலையாக்கும்னு நெனச்சுட்டு, கூப்புடறதையே உட்டுட்டேன்.”

இதை அவள் எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாளோ. பஸ்ஸர் கேட்காததைவிட இது வலிக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை. காது டாக்டர் திங்கட்கிழமை.

செட்டுக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மறைத்து ஓட்ட முடியாது, அந்தக் கல்யாண வேன் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர் திட்டவில்லை. யோசித்தார். “பழைய வண்டி சும்மாத்தான் நிக்குது. அதுல பஸ்ஸருமில்ல, கிஸ்ஸருமில்ல. உனக்குக் காதே வேண்டியதில்ல. எடுத்துக்க.”

ஏறினேன். ஸ்டார்ட் செய்ததும் பாதம், உள்ளங்கை, இடுப்பு எல்லாம் ஒரே சமயத்தில் பேசின. ஒன்றுவிடாமல் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

இடது காலில் சூடு ஏறியது. மூடிமேல் கை வைத்தேன். என் காதைத் தின்றது இதுதான்.

அணைத்துவிட்டு இறங்கிச் சாவியை நீட்டினேன்.

“ஏப்பா?”

“மிச்சமிருக்கறதையும் இதுக்குக் குடுக்க முடியாதுங்க.”

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். சரஸ்வதி வாசலில். வாய் அசைந்தது, பாதிதான் கேட்டது. வழக்கமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். இன்று கிட்டே போய் நின்று, “மறுபடி சொல்லு” என்றேன்.

சொன்னாள்.