அப்பாவின் தோளில் சந்தனம்

என் நாடகத்து இன்ஸ்பெக்டர் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கமுடியாத இடத்தில் இருக்கிறீர்கள். ஆனாலும் உங்களிடம் கேட்க எனக்கு எவ்வளவோ இருக்கிறது. தமிழில் எழுதுவதால் பயமில்லை. ஹவுரா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில், பாரா என்று இங்கே சொல்கிற நம் பேட்டையில், இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அம்மாவும் நானும்தான்.

முதலில் வீட்டுச் சேதி. உங்களுக்குப் பிறகு ரயில்வே ஆபீஸில் கிடைத்த வேலையில்தான் அம்மா இன்னும் இருக்கிறாள். நான் கல்கத்தா டாக்குரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் என்னைக் கேட்கும் கேள்விகளைவிட நான் அவர்களைக் கேட்பதுதான் அதிகம். இந்தத் துளைத்தெடுக்கிற குணம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா கேட்கிறாள். போலீஸ்காரன் மகள் வேறு எப்படி இருப்பாள்?

ரயில்வே யார்டில் சரக்கு வேகன் உடைத்தவர்களைத் துரத்திக்கொண்டு ஓடியபோது அடுத்த லைனில் வந்த எஞ்சினை நீங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அது எப்படி அப்பா? என் சட்டையில் ஒரு பித்தான் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். பார்த்தும் ஓடினீர்களா? இதை மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

சொல்லவந்தது வேறு. பணியில் உயிர்விட்ட நம் பாரா போலீஸ்காரர்கள் மூன்று பேருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தப் போன வருஷம் கிளப்பில் முடிவு செய்தார்கள். உங்களைத் தாதா, அம்மாவைப் பௌதி என்று அண்ணன் அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் கிளப் செக்ரட்டரி மிண்ட்டுதா வீட்டுக்கு வந்தார். அம்மா எடுத்துக்கொடுத்த அடையாள அட்டைப் படத்தை அவர் தொடவே இல்லை. "பௌதி, இது யாரோ கோபக்காரர். எங்கள் தாதா சிரிப்பாரே" என்று சுவரில் மாட்டியிருந்த சின்னப் படத்தைக் கழற்றி, பெரிதாக்க எடுத்துப் போய்விட்டார்.

அது எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியுமே. ஹவுராவில் தமிழ்க்காரர்கள் போட்ட நாடகத்தில் நீங்கள் இன்ஸ்பெக்டராக நின்ற படம். உள்ளங்கை அளவில் இருந்தவரை காக்கிச்சட்டையும் சிரிப்பும்தான் தெரிந்தன. கூட்டத்தன்று காலையில் பந்தலுக்குப் போய்ப் பார்த்தால், இரண்டடிப் படத்தில் சிகரெட் வெள்ளித்தாளில் வெட்டி ஒட்டிய நட்சத்திரங்கள் தோளுக்கு மூன்றாகப் பளபளக்கின்றன!

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, பெரிய ஆபீசரு வாராராமே. இதப் பார்த்தா என்ன நெனைப்பாரு? கான்ஸ்டபிளுக்கு எங்கேருந்து வந்துச்சு இந்த நட்சத்திரம்னு படத்தையே எடுக்கச் சொல்லிட்டா? செத்த மனுசனுக்குப் பொய் வேசம்னு நாலு பேரு பேசணுமா?"

"எடுத்துட்டு அந்தக் கோபக்காரப் படத்த வச்சிரலாமா?"

அம்மா உங்கள் சிரிப்பையே பார்த்தாள். "வேண்டாம். அந்தச் சந்தனக் கிண்ணத்த எங்க வச்ச?" என்றாள்.

நெற்றிக்கு ஒரு பொட்டு. பிறகு தோளுக்கு மூன்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நட்சத்திரம் ஒவ்வொன்றும் தடித்த சந்தனத்துக்குள் போய்விட்டது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஜீப் வந்து நின்றது.

அந்த அதிகாரி ஒவ்வொரு படத்துக்கும் சல்யூட் அடித்துக்கொண்டே வந்தார். உங்கள் முன்னால் நின்றுவிட்டார். "தோளில் சந்தனம் வைப்பது உங்கள் ஊர் வழக்கமா?" என்று வங்காளியில் கேட்டார். அம்மாவின் வங்காளி காய்கறிச் சந்தையோடு சரி. நான்தான் தமிழில் சொன்னேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பாரம் சுமந்த தோளு. இனியாவது குளிரட்டும்னுதான்" என்றாள்.

அதை நான் வங்காளியில் சொன்னேன். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். பக்கத்துப் படத்தருகே மாலதி காக்கிமா, நான் சித்தி முறை வைத்துக் கூப்பிடுகிறவள், நின்றிருந்தாள். கலவரக் கூட்டத்தை விலக்கப் போய்க் கல்லடியில் இறந்த கான்ஸ்டபிளின் மனைவி. அதுவரை கல்லாக நின்றவள், அம்மாவிடம் வந்து கையை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் கொடு. அவர் தோளும் எரிந்துகொண்டுதான் இருக்கும்." அம்மா கிண்ணத்தை அப்படியே அவள் கையில் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நீங்கள் போன நாளிலிருந்து அம்மா ஊரறிய அழுதது அன்றுதான்.

இந்த வருஷம் வேடிக்கையைக் கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே மிண்ட்டுதா வந்து, "பௌதி, மூன்று படத்துக்கும் போதுமான சந்தனம் வேண்டும். மாத்ராஜி நியமத்தை விட்டுவிடக் கூடாது" என்கிறார்! மதராஸிகள் வழக்கமாம், நம் ஊரில் யாருக்கும் தெரியாத வழக்கம், அப்பா. மூன்று படங்களின் தோளிலும் சந்தனம். சின்னப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்று வைத்தார்கள்.

அம்மா அந்தப் பதிலை அந்த நேரத்துக்குச் சமாளிக்கச் சொன்னாளா, வெகுநாளாக மனதில் வைத்திருந்ததா? கேட்டால், "உனக்கு எல்லாம் தெரியணும்" என்கிறாள். மேடையில் யாரைப் பார்த்து அப்படிச் சிரித்தீர்கள் என்று கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் அதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீங்களாவது சொல்லக் கூடாதா?

வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. எனக்குக் கையில் தெம்பு இருக்கும்வரை அந்தச் சந்தனத்தை நானே அரைப்பேன். கூட்டம் கலைந்தபிறகு ஈரத்துணியால் துடைக்கிற வேலையும் என்னுடையதுதான். ஒவ்வொரு நட்சத்திரமாக வெளியே வரும்போது, அப்போதுதான் பிரமோஷன் வந்தவர்போல என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சல்யூட் அடிப்பேன்.

உங்கள் கீழ் இருந்த ஒரே கான்ஸ்டபிள்,
மகள் செல்வி