இடப்பக்கத்திலிருந்து குத்திய தாள்

மந்தாரக்குப்பம்
14-11-1963

அன்புள்ள தனத்துக்கு,

நான் சுகம். நீயும், இதை உனக்குப் படித்துக் காட்டும் மருமகள் பெரியநாயகியும் சுகமாக இருக்க வேண்டும். எழுத வேண்டியவை:

1. என் உடம்பு.
2. அனுப்ப வேண்டிய பொருட்கள்.
3. உன் விரல்களுக்குப் பயிற்சி போதாது.

இருமல் குறைந்துவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாயும் என் பழைய போர்வையும் அனுப்பச் சொல். குளிர் அதிகமில்லை, இருந்தாலும் அந்தப் போர்வைதான் வேண்டும்.

இதுவரை காலையில் எழுதியது. மூன்றாவதை விளக்கத் தயங்கி, நீ விரலால் தடவிப் படிக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தி அனுப்பிய பிரெய்ல் கடிதத்தின் நகலை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அங்கே நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்ன வரும் துரைராஜுக்கும் பார்வை இல்லை. பள்ளியில் பிரெய்ல் படித்தவர். "ஒன்றும் விளங்கவில்லை, விரல் செத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று நீ சொல்லியனுப்பியதைச் சொன்னேன். அவர் தாளைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், கண்ணாடில பாக்குற மாரி குத்திகினு இருக்கீங்க? எங்கிட்ட ஏதுங்க கண்ணாடி! வலப்பக்கத்துலேர்ந்து குத்திகினு வரணுங்க. அப்பத்தான் தாளத் திருப்பித் தடவும்போது எழுத்து நேரா நிக்கும்."

எழுத்து அட்டவணையைப் பார்த்து, அதிலுள்ளபடியே இடப்பக்கத்திலிருந்து குத்த நானாகக் கற்றுக்கொண்டதன் பலன். புதிதாக ஒரு தாள் குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டே வரிகள். பெரியநாயகி படித்துக் காட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும், நீயே படி.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மூன்றாவதாக எழுதியது தவறு, தனம். உன் விரல்கள் சரியாகத்தான் படித்திருக்கின்றன.

சிவப்பிரகாசம்